ஓடும் வண்டியைத் துரத்தும் சேறு

மழை விட்ட தெருவில் மட்கார்டு கழன்றுபோன சைக்கிளை ஓட்டியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், முதுகின் நடுவே இடுப்பிலிருந்து பிடரி வரை செம்மண் நிறத்தில் ஒரு கோடு. அம்மா நம்மைத் திட்டுவார், நாம் சைக்கிளைத் திட்டுவோம், அத்தோடு மறந்துபோகும். கொஞ்சம் நின்று யோசித்தால் அந்தக் கோட்டில் ஒரு புதிர் இருக்கிறது. சேற்றை எறிந்தது பின்சக்கரம். சைக்கிள் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. நம் முதுகும் அதே வேகத்தில் முன்னால் போகிறது. பின்னாலிருந்து கிளம்பிய சேறு, ஓடுகிற முதுகை எப்படிப் பிடித்தது? நம்மைவிட வேகமாக ஓடினால்தானே பிடிக்க முடியும்?

இதே புதிரை வைத்து அமெரிக்காவில் ஒரு வியாபாரமே நடக்கிறது. அங்கே பிக்கப் டிரக் என்றால் நம் ஊர்க் குட்டியானையை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசை பிக்கப், 1977 முதல் அந்நாட்டில் மிக அதிகம் விற்கும் டிரக். அலுவலகம் போகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், மரக்கட்டை ஏற்றவும் அதே வண்டிதான். அதை வாங்கியவர்களில் பலர் முதலில் கை வைப்பது டயரில். கம்பெனி கொடுத்த டயரைக் கழற்றிவிட்டு இன்னும் உயரமாக, இன்னும் அகலமாக ஒன்றை மாட்டுவார்கள். மாட்டியதும் டயர் வண்டியின் உடலைத் தாண்டி வெளியே துருத்தும். அதை மூட, சக்கரத்தின் மேல் வளைவாக ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையைப் பொருத்துவார்கள். கடையில் அதன் பெயர் ஃபெண்டர் ஃபிளேர். முறைத்துப் பார்க்கும் கண்ணுக்கு மேல் வரைந்த மாதிரி இருப்பதால், நான் அதைச் சக்கரப் புருவம் என்று சொல்லப் போகிறேன்.

எந்தப் புருவத்தை வாங்குவது? கடைக்காரர் நிறத்தையும் ஸ்டைலையும் காட்டுவார். நாம் சேற்றிடம் கேட்போம்.

நிற்கும் அடி, பறக்கும் உச்சி

ஓடும் சைக்கிளைப் பக்கவாட்டில் எடுத்த புகைப்படம் கிடைத்தால் சக்கரத்தை உற்றுப் பாருங்கள். தரைக்கு அருகே உள்ள கம்பிகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெளிவாக இருக்கும். மேலே உள்ளவை கலங்கிப் பனிமூட்டம் போல இருக்கும். ஒரே சக்கரம், ஒரே கம்பிகள். ஏன் இந்த வித்தியாசம்?

வழுக்காமல் உருளும் சக்கரத்தில், தரையைத் தொடுகிற புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. அசைந்தால் அது உருளல் இல்லை, தேய்த்தல். அச்சு வண்டியின் வேகத்தில் போகிறது. உச்சிப் புள்ளி அதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னால் பாய்கிறது. வண்டி 60 கி.மீ. வேகத்தில் போனால் டயரின் அடி பூஜ்யம், உச்சி 120. காமிரா பார்த்தது இதைத்தான்.

அச்சின் உயரத்துக்கு மேலே உள்ள எந்தப் புள்ளியும் வண்டியைவிட வேகமாக முன்னால் போகிறது. அங்கிருந்து கிளம்பும் சேறும் அப்படியே. முதுகைத் துரத்திப் பிடித்த சேறு அந்த மேல்பாதியிலிருந்து புறப்பட்டது. அது நம்மைவிட வேகமாகவே ஓடியது.

டயரின் மேல் ஒட்டிய ஒரு சேற்றுத் துளியின் பாதையைத் தரையில் நின்று பார்த்தால், அது வட்டமாக இருக்காது. தரையில் ஒரு கணம் நின்று, செங்குத்தாக எழும்பி, வளைந்து, முன்னால் பாய்ந்து, மீண்டும் தரையில் வந்து நிற்கும். கோயில் பிராகாரத்தில் வரிசையாக நிற்கும் வளைவுகள் போன்ற கோடு அது. துளி எந்த இடத்தில் பிடியை விடுகிறதோ, அந்த இடத்தில் அதன் பாதை போகும் திசையில் நேராகக் கிளம்பிவிடும்.

சேறு எப்போது கைவிடும்?

ஈரத் துணியைச் சுழற்றினால் நீர் தெறிக்கிறது. துணி நீரை இழுத்துப் பிடிக்க முடிந்தவரை பிடிக்கிறது, முடியாதபோது விடுகிறது. டயரும் அப்படித்தான். எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம்.

33 அங்குல உயரமுள்ள டயர், அதாவது அச்சிலிருந்து விளிம்பு வரை சுமார் 42 செ.மீ. அதில் 10 கிராம் சேற்று உருண்டை ஒன்று ஒட்டியிருக்கிறது. வண்டி 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால், அந்த உருண்டையைப் பிடித்துவைக்க 75 கிராம் எடையைத் தூக்கும் அளவு பிடி போதும். 60 கி.மீ. வேகத்தில் அது ஏறக்குறைய 670 கிராம். 100 கி.மீ. வேகத்தில் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வேகம் மூன்று மடங்கானால் இழுவை ஒன்பது மடங்கு. பத்து கிராம் சேற்றுக்கு இரண்டு கிலோ பசை கிடையாது.

ஆகவே நெடுஞ்சாலை வேகத்தில் தண்ணீரும் சேறும் தரையை விட்டு எழுந்த உடனேயே, டயரின் அடிப்பக்கத்திலேயே கைவிட்டுவிடும். காட்டுப் பாதையில் மெதுவாகப் போகும்போது அதே சேறு டயரோடு ஒட்டி மேலே ஏறி, உச்சி வரை போய், சில நேரம் முழுச் சுற்றும் சுற்றிவரும். டயர்ப் பள்ளத்தில் சிக்கிய சரளைக் கல்லின் விஷயம் வேறு. அது பசையால் நிற்கவில்லை, இடுக்கில் மாட்டி நிற்கிறது. எப்போது கழலும் என்று அதற்கே தெரியாது.

நெடுஞ்சாலைக்காரருக்கும் காட்டுப்பாதைக்காரருக்கும் வெவ்வேறு பாதுகாப்பு தேவைப்படுவதற்குக் காரணம் இதுதான். இரண்டு பேரும் ஒரே புருவத்தை வாங்கிக்கொண்டு போவது கடைக்காரருக்கு மட்டும் வசதி.

ரம்பம் எடுத்தவர்கள்

புருவம் அழகுக்காகப் பிறந்ததில்லை. 1966-இல் வந்த ஃபோர்டு பிராங்கோ என்ற சின்ன நாற்சக்கர இழுவை வண்டியில், பின்சக்கரத்தின் மேல் உடல்தகடு தாழ இறங்கி டயரின் தலையை மறைத்துக்கொண்டிருந்தது. கம்பெனி டயருக்கு அது போதும். மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்துப் பாலைவனத்தில் பந்தயம் ஓட்டப் போனவர்களுக்குப் போதவில்லை. பெரிய டயர் மாட்டினால், சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போது தகட்டில் இடித்தது. ஆகவே ரம்பத்தை எடுத்துத் தகட்டை அறுத்தார்கள். அறுத்த விளிம்பு கத்தி போல நின்றது, டயர் வெளியே தெரிந்தது. விளிம்பை மூடவும் சேற்றைத் தடுக்கவும் ஒரு வளைவு தேவைப்பட்டது.

கலிபோர்னியாவில் பந்தய வண்டிகள் தயாரித்த பில் ஸ்ட்ராப், இப்படி அறுத்துப் புருவம் வைத்த பிராங்கோக்களை 1971 முதல் 1975 வரை 'பாஹா பிராங்கோ' என்ற பெயரில் ஃபோர்டு டீலர்கள் வழியாகப் பொதுமக்களுக்கே விற்கக் கொடுத்தார். அவர் தயாரித்த இன்னொரு பிராங்கோவை ஓட்டித்தான் பார்னெல்லி ஜோன்ஸ் 1971, 1972 இரண்டு ஆண்டும் பாஹா 1000 பந்தயத்தில் ஜெயித்தார்.

இன்றைய கடைகளில் இருக்கும் இரண்டு பெரிய வகைகளும் அந்த ரம்பத்தின் வழியாகப் புரியும். ஒரு வகை, தகட்டை அறுத்துவிட்டு வைப்பது. டயருக்கு அது உண்மையாகவே இடம் கொடுக்கும். இன்னொரு வகை, அறுக்காமல் மேலே பொருத்துவது. அது டயரை மூடும், இடம் கொடுக்காது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயர் உள்ளே இடிக்கிறது என்றால், மேலே பொருத்தும் புருவத்தில் எவ்வளவு விலை உயர்ந்ததை வாங்கினாலும் இடித்துக்கொண்டேதான் இருக்கும். பணம் வீணாகும் இடங்களில் இது முதலிடம் என்பேன்.

இரண்டாம் வகையில் சிலவற்றில் வரிசையாக எவர்சில்வர் போல்ட் தலைகள் பளபளக்கும். பெரும்பாலும் அவை சும்மா. அசல் பிடிப்பு, மட்கார்டு விளிம்பின் உட்பக்கம் கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளில் இருக்கிறது. பந்தயக்காரர்கள் தகட்டில் நேரே முடுக்கிய போல்ட்டின் ஞாபகார்த்தம் அந்தப் பளபளப்பு.

தூக்குக்குண்டும் ஒரு கழித்தலும்

இனி ஒரே ஒரு வண்டியைப் பிடித்துக்கொள்வோம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வசிக்கும் ஒருவர், ஒரு ஃபோர்டு எஃப்-150. கம்பெனி டயரின் அகலம் 275 மி.மீ. அவர் மாட்ட நினைப்பது 12.5 அங்குல அகலம், அதாவது சுமார் 317 மி.மீ. வித்தியாசம் 42. இரண்டு பக்கமும் பாதிப்பாதியாகப் பிரித்தால் வெளிப்பக்கம் 21 மி.மீ. கூடும். ஒரு அங்குலம்கூட இல்லை, சின்னப் புருவம் போதும் என்று தோன்றும்.

தோன்றுவது தப்பு. அவர் டயரோடு ரிம்மையும் மாற்றுகிறார்.

ரிம்மின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். ரிம் வண்டியின் ஹப்பில் பொருந்தி போல்ட் ஏறுகிற முகம், அந்த நடுக்கோட்டில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது வெளிப்பக்கமாகத் தள்ளி இருந்தால் சக்கரம் முழுவதும் வண்டிக்குள்ளே ஒடுங்கும். இந்தத் தள்ளலை ஆஃப்செட் என்பார்கள், மில்லிமீட்டரில் சொல்வார்கள். நம் வண்டியின் பழைய ரிம்முக்கு ஆஃப்செட் 44 என்றும், புது ரிம்முக்கு பூஜ்யம் என்றும் வைத்துக்கொள்வோம். ரிம்மை மாற்றியதிலேயே சக்கரம் முழுசாக 44 மி.மீ. வெளியே நகர்ந்துவிடுகிறது. டயர் அகலத்தின் 21-ஐயும் சேர்த்தால் 65 மி.மீ.

இப்போது தூக்குக்குண்டு வேண்டும். கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடும் அதே குண்டு. சமதரையில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, மட்கார்டு வளைவின் உச்சி விளிம்பில் நூலை ஒட்டித் தொங்கவிட்டால், பழைய டயர் நூலுக்கு 15 மி.மீ. உள்ளே இருக்கிறது என்று தெரியும் என்போம். 65-இலிருந்து 15 போனால் 50. புது டயர் உடலைத் தாண்டி 50 மி.மீ., ஏறக்குறைய இரண்டு அங்குலம், துருத்தும். நான்கு சக்கரத்திலும் தனித்தனியாக அளக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரே எண் வருவது அபூர்வம்.

கடையில் கேட்க வேண்டிய முதல் எண் இந்த 50. புருவம் பார்வைக்கு எவ்வளவு தடிமன் என்பது அதன் உயரம். அது நெற்றியில் மேல்நோக்கி ஏறும், டயருக்கு அதனால் பயன் இல்லை. வெளியே எவ்வளவு நீட்டி டயரை மூடுகிறது என்பது வேறு எண். விவரச் சீட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், குழப்பிக்கொள்வது சுலபம். இன்னொன்று: டயரில் அச்சிட்ட அகலம், பக்கச்சுவர் பிதுங்கும் இடத்தையும் சேர்த்தது. தரையைத் தொடும் பட்டை அதைவிடக் குறுகல். சேற்றை எறிவது அந்தப் பட்டைதான் என்பதால், 50-க்கு ஐந்து பத்து குறைந்தாலும் பாதகமில்லை. இருபது குறைந்தால் கதவு சொல்லும்.

ஒரு நூலால் சேற்றைத் தொடர்வது

கதவு என்ன சொல்லும் என்று பார்ப்போம்.

துருத்தும் 50 மி.மீ. பட்டைக்கு மேலே கூரை இல்லை, பின்னால் சுவர் இல்லை. முன்சக்கரத்தின் அந்தப் பட்டையில், தரையைத் தொட்ட இடத்திலிருந்து சக்கரம் 30 டிகிரி சுழன்றதும் ஒரு சேற்று உருண்டை கைவிடுகிறது என்போம். வண்டியின் வேகம் 60 கி.மீ.

சாலையோரம் நிற்பவர் கண்ணுக்கு அந்த உருண்டை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் மேலே எழும்புகிறது; முன்னால் நகர்வதோ வெறும் 8 கி.மீ. வேகத்தில். ஏறக்குறைய நின்ற இடத்திலேயே எழும்புகிறது. சேறு கதவின் மேல் பாய்வதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் கதவுதான் 60 கி.மீ. வேகத்தில் வந்து சேற்றில் மோதுகிறது.

இதே காட்சியை வண்டிக்குள்ளிருந்து பார்த்தால் இன்னும் எளிது. உருண்டை பின்னோக்கி, 30 டிகிரி சாய்வில் மேலே பறக்கிறது. சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மீட்டர் கடக்க அதற்கு ஒரு நொடியின் பதினான்கில் ஒரு பங்கு நேரம் போதும். அதற்குள் புவியீர்ப்பு அதைக் கீழே இழுப்பது இரண்டே செ.மீ. ஆகவே பாதையை நேர்க்கோடு என்றே கொள்ளலாம். நூல்கண்டிலிருந்து நூல் பிரிகிற மாதிரி, டயரைத் தொட்டுக்கொண்டு நேராகப் போகும் கோடு. இதைத் தொடுகோடு என்று பள்ளியில் படித்திருப்போம். பரீட்சைக்குப் பிறகு உபயோகப்படும் அபூர்வ சந்தர்ப்பம் இது.

அச்சுக்குப் பின்னால் 1.2 மீட்டரில், அதாவது கதவு இருக்கும் இடத்தில், இந்த உருண்டை தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கும். கதவின் அடிப்பகுதி. 45 டிகிரியில் கைவிட்டிருந்தால் அதே இடத்தில் ஒரு மீட்டர் உயரம்; கதவுப் பிடியை ஒட்டி. 60 டிகிரி என்றால் 1.6 மீட்டர், கண்ணாடி. நேராகப் பறந்தால் சேறு கதவுக்கு 5 செ.மீ. வெளியேதான் போகும், ஆனால் சேறு அவ்வளவு ஒழுக்கமானது இல்லை. டயருக்கு அடியில் நசுங்கும்போதே பக்கவாட்டில் சிதறுகிறது, காற்றும் சேர்ந்து அதைக் கதவில் ஒட்டுகிறது.

புருவம் இதில் எதைத் தடுக்கும்? புருவத்தின் பின்முனை அச்சுக்கு 50 செ.மீ. பின்னால், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் முடிகிறது என்று கொண்டால், 65 டிகிரிக்குப் பிறகு கைவிடும் சேற்றைத்தான் அதனால் பிடிக்க முடியும். அதற்கு முன்னே புறப்பட்டதெல்லாம் முனைக்குக் கீழே நழுவிப் போய்விடும். கண்ணாடியை நோக்கிப் போகும் சேற்றையே அது முழுசாகத் தடுக்கவில்லை. கதவு மொத்தமும் திறந்து கிடக்கிறது.

பின்முனை இன்னும் 10 செ.மீ. கீழே இறங்கும் புருவமாக இருந்தால் 55 டிகிரியிலிருந்தே பிடிக்கும். பத்து செ.மீ. நீளம், பத்து டிகிரி லாபம். அதே இடத்தில் ஒரு ரப்பர்த் திரையை, நம் லாரிகளில் தொங்கும் மட்ஃபிளாப்பை, தரைக்கு 20 செ.மீ. மேலே வரை தொங்கவிட்டால் 27 டிகிரி வரை பிடித்துவிடும்.

வாங்க வருகிறவர்கள் எல்லாரும் புருவத்தின் உச்சியைத்தான் பார்க்கிறார்கள். வேலை நடப்பது பின்முனையில். உச்சியில் கம்பீரமாக வீங்கி, பின்னால் போகப் போக மெலிந்து, கதவுக்கு அருகே ஒரு விரல் அகலத்தில் முடியும் புருவங்கள் நிறைய விற்கின்றன. அவற்றுக்கும் டயர் மீதான ஒரு ஸ்டிக்கருக்கும் வித்தியாசம் குறைவு. நெடுஞ்சாலையில் ஓடும் மினசோட்டாக்காரருக்கு என் சிபாரிசு: பின்முனை வரை 50 மி.மீ. அகலம் குறையாத ஒரு சாதாரணப் புருவம், அதன் பின்னால் அதே அகலத்தில் மட்ஃபிளாப். காட்டுப் பாதைக்காரருக்கு மட்ஃபிளாப் கல்லில் மாட்டிக் கிழியும். அவருக்கு அகலமான உச்சியும், சேறு அடைத்துக்கொள்ளாதபடி டயருக்கும் புருவத்துக்கும் நடுவே நல்ல இடைவெளியும்தான் முக்கியம்.

சட்டம் எழுதியவர்களுக்கும் இந்தத் தொடுகோடு தெரிந்திருக்கிறது. ஐரோப்பியக் கூட்டமைப்பு 1978-இல் கார்களின் மட்கார்டுக்கு விதி வகுத்தபோது, அச்சுக்கு நேர் மேலிருந்து முன்பக்கம் 30 டிகிரி, பின்பக்கம் 50 டிகிரி வரை டயரின் முழு அகலமும் மூடப்பட வேண்டும் என்றது. பின்பக்கத்துக்குத்தான் பங்கு அதிகம். அதோடு மட்கார்டின் பின்முனை அச்சின் உயரத்துக்கு 150 மி.மீ. மேலே போகக் கூடாது என்றும் சொன்னது. கலிபோர்னியாவின் வாகனச் சட்டம் டிகிரிக் கணக்குக்குப் போவதில்லை. மூடி, டயரின் தரை தொடும் பட்டை அளவுக்காவது அகலமாக இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நம் நாட்டில் நிலைமை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சுட்டி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. இங்கே ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்ற பிக்கப் வைத்திருப்பவர் டயரைத் துருத்தவிடும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

குளிரில் சுருங்கும் புருவம்

மினசோட்டாவில் ஜனவரி இரவு மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். ஜூலை வெயிலில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டால் சுடும், 60 டிகிரியைத் தொடலாம். 90 டிகிரி வித்தியாசம்.

சக்கர வளைவைச் சுற்றிப் புருவத்தின் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். ஏபிஎஸ் என்ற இறுகிய பிளாஸ்டிக்கில் செய்திருந்தால், இந்த 90 டிகிரியில் அது ஒரு செ.மீ. அளவுக்கு நீளும். அதன் அடியில் இருக்கும் அலுமினியத் தகடு 3 மி.மீ. நீளும். இரும்புத் தகடாக இருந்தால் ஒன்றரை மி.மீ.தான். இருவரையும் திருகாணியால் கட்டிப்போட்டிருக்கிறோம். ஒருவர் நீள, மற்றவர் நீள மறுக்க, திருகாணித் துளையில்தான் சண்டை நடக்கும். நல்ல புருவங்களில் துளைகள் வெண்டைக்காய் விதைபோல வட்டமாக இல்லாமல், வெண்டைக்காய் போலவே நீளமாக இருப்பது இதற்காக. நடுத் திருகாணியை இறுக்கிவிட்டு மற்றவற்றை நகர்வதற்கு இடம் விட்டு முடுக்க வேண்டும். எல்லாவற்றையும் பல்லைக் கடித்து முடுக்கினால் முதல் குளிர்காலத்தில் துளையிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பும்.

குளிரில் இன்னொரு ஆபத்து உண்டு. ஏபிஎஸ் விறைக்கும், ஒரு கிளை அடித்தால் உடையும். பாலிபுரொப்பிலீனோடு ரப்பர் கலந்த பிளாஸ்டிக், நம் கார் பம்பர்களில் இருக்கும் அதே ஜாதி, வளைந்துவிட்டு நிமிரும். கண்ணாடியிழையில் செய்தது லேசானது, பந்தயக்காரர்களுக்குப் பிடிக்கும். அடிபட்டால் வளையாது, கிழியும். ஏபிஎஸ்-க்கு வெயிலும் ஆகாது. அதற்கு உறுதி தரும் ரப்பர்த் துணுக்குகளைத்தான் புற ஊதாக் கதிர் முதலில் தாக்குகிறது. கறுப்பு வெளுத்துச் சாம்பலாகி, விரலால் தடவினால் மாவு ஒட்டுகிறது என்றால் மேல்தோல் செத்துவிட்டது என்று அர்த்தம். தயாரிப்பாளர் மேலே கதிர் தாங்கும் ஒரு படலம் சேர்த்திருக்கிறாரா என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குத் தயங்கும் கடையில் வாங்காமல் இருக்கலாம்.

துளை போடலாமா?

புருவத்துக்கும் பெயின்டுக்கும் நடுவே ரப்பர் பீடிங் ஒன்று ஓடும். விலை குறைந்த பெட்டிகளில் இது இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். அது இல்லாத புருவத்தை ஒரு வருஷம் கழித்துக் கழற்றினால், பெயின்டில் பிறை வடிவில் ஒரு மங்கல் தடம் தெரியும். புருவம் காற்றில் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. இடுக்கில் புகுந்த மணல் உப்புத்தாள் மாதிரி தேய்க்கிறது.

ஃபோர்டு எஃப்-150-இன் உடல் 2015 மாடலிலிருந்து அலுமினியம். சட்டகம் மட்டும் இரும்பு. அலுமினியம் துருப்பிடிக்காது என்று தைரியமாகத் துளை போடுகிறவர்கள் உண்டு. சிவப்பாகத் துருப்பிடிக்காதுதான். ஆனால் குளிர்நாட்டுச் சாலைகளில் பனிக்கட்டியை உருக்க உப்பு கொட்டுகிறார்கள். இரும்புத் திருகாணி, அலுமினியத் தகடு, நடுவே உப்புத் தண்ணீர்: இது ஒரு பாட்டரி. வால்வு ரேடியோவுக்கு உபயோகித்த பாட்டரிகளில் துத்தநாகம் கரைந்து மின்சாரம் கொடுத்த மாதிரி, இங்கே அலுமினியம் கரைந்துகொடுக்கிறது. பெயின்டின் அடியில் கொப்புளம் எழும்பும். உடைத்தால் வெள்ளைப் பொடி. இரண்டு உலோகம் சேர்ந்து ஒன்று அழிவதால் இதை ஈருலோக அரிப்பு என்று சொல்லலாம். திருகாணி எங்கும் அலுமினியத்தைத் தொடாதபடி நடுவே நைலான் நின்றால் பாட்டரிக்கு இணைப்பு அறுந்துவிடும்.

பழைய இரும்பு உடல் வண்டிகளில் கதை வேறு. தகட்டின் மேல் பூசிய துத்தநாகம், சின்னக் கீறலைத் தானே கரைந்து காப்பாற்றும். துளையின் உள்விளிம்பில் அந்தப் பூச்சே இல்லை. அங்கே பிரைமர் தடவாமல் விட்டால் துரு துளையிலிருந்து வட்டமாகப் பரவும்.

துளையே வேண்டாம் என்பவர்களுக்கு, மட்கார்டின் உள்விளிம்பில் கம்பெனி ஏற்கெனவே விட்டிருக்கும் துளைகளைப் பயன்படுத்தும் புருவங்கள் கிடைக்கின்றன. சிலவற்றுக்கு இருபக்கப் பசைநாடாவும் உண்டு. அந்த நாடா ஒட்டும்போது தகடு இளஞ்சூடாக, சுமார் 20 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். முழுப் பிடி வர மூன்று நாள் ஆகும். மினசோட்டாக்காரர் நவம்பரில் வாசலில் நின்று ஒட்டினால், டிசம்பரில் புருவத்தைப் பனியில் தேட வேண்டியதுதான்.

முதல் மழைக்குப் பிறகு

எல்லாம் பொருத்தி, முதல் மழையில் ஓட்டிவிட்டு வந்ததும் வண்டியைக் கழுவ வேண்டாம். கதவில் சேறு எங்கே தொடங்குகிறது, எந்தச் சாய்வில் மேலே போகிறது என்று பாருங்கள். ஒரு நூலை எடுத்து, ஒரு முனையைக் கதவில் சேறு எட்டிய மிக உயரமான புள்ளியில் பிடித்து, புருவத்தின் பின்முனைக்குக் கீழாக இழுத்து, டயரைத் தொடும்படி முன்னால் நீட்டுங்கள். நூல் டயரைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். சேறு அந்தப் புள்ளியில் கைவிட்டிருக்கிறது. அதைப் பிடிக்க மட்ஃபிளாப்பை எவ்வளவு இறக்க வேண்டும் என்பது, இன்னும் கையில் இருக்கும் அந்த நூலிலேயே அளந்து பார்த்துக்கொள்ளலாம்.